ஒதியன் மரத்துப் புழு

ஆகஸ்ட் 4, திங்கள்

குறைதீர்க்கும் நாள். காலையிலிருந்து கலெக்டர் ஆபீஸில் ஊர் உலகத்து மனுக்களுக்கெல்லாம் சீல் குத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டு மரத்தைக் காணோம்.

கேட்டைத் திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. மதில் ஓரம் நின்ற ஒதியன் இப்போது முழங்கால் உயரக் கட்டை. வீடு கட்டும்போது சிமென்ட் மூட்டைக்குக் கொட்டகை போட நட்ட கழி அது. தானாகத் தளிர்த்து, மாடி உயரத்துக்கு வந்துவிட்டது. கிளைகளையும் காணோம். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீடு பரசுராமன். பஸ் டிப்போவில் ரிடையர் ஆனவர், எங்கள் தெரு சங்கத்துக்குச் செயலாளர் வேறு. "நல்லதுக்குத்தாம்மா பண்ணேன். ஒதிய மரம், எதுக்கு ஆகும் அது? நெழலுக்கு ஒரு வேப்பங்கன்னு வெச்சுக்கோ" என்றார். என் காம்பவுண்டுக்குள் ஆளை விட்டு என் மரத்தை வெட்டிவிட்டு எனக்கே யோசனை.

எல்லாம் வெள்ளிக்கிழமை நடந்ததற்கு. அவர் பேத்தி கீர்த்தனா, ஆறு வயசு, ஆடிக்கு வேலூரிலிருந்து அம்மாவோடு வந்திருந்தது. திடீரென்று உடம்பெல்லாம் தடித்து, கண் மூடுகிற அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் வாசலில் என் மரத்துப் பச்சைப் புழு ஒன்று விழுந்து கிடந்ததாம். அவ்வளவுதான் சாட்சி. சாயங்காலம் தெருவே கூடி நிற்க, உன் மரத்தால்தான் குழந்தைக்கு இந்தக் கதி, மன்னிப்புக் கேள் என்றார். கேட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்று, ரெண்டு கையையும் கூப்பி. குழந்தையைப் பார்த்த பதற்றம் எனக்கு. மறுநாள் கடைக்குப் போய் அரிப்புக்குத் தடவக் கலமைன் லோஷன் வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அத்தனைக்கும் பிறகு வெட்டினான் பாரு — அதுதான் ஆறலை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இலைக்குப்பையை அள்ளும்போது ஒரு புழு உயிரோடு இருந்தது. கட்டைவிரல் தடிமன், விரல் நீளம். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. முதுகில் வரிசையாக மஞ்சள் முண்டுகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து முடி.

நசுக்கிவிடத்தான் செருப்பைத் தூக்கினேன். இதனால்தானே இவ்வளவும்! அப்புறம் தோன்றியது, மரம் போச்சு, சாட்சிக்கு இது ஒன்றுதான் பாக்கி. வாளியில் போட்டுக் கொசுவலையால் மூடிக் கட்டினேன்.

என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் கோயில் பக்கத்து லாட்ஜில் மேனேஜர். யாரோடும் சண்டை வேண்டாம் என்பது அவர் கட்சி. "அக்கம்பக்கம் வேணும் அருணா, விட்ரு" என்றார். விடுகிறேன். விட்டுத்தான் பிடிக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

தின்று தீர்க்கிறது இந்தப் புழு. வேறு இலை எதையும் தொடவில்லை. முருங்கை, கொய்யா, வேம்பு எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒதியன்தான் வேண்டுமாம். கிரிவலப் பாதையில் ஒரு மரம் இருக்கிறது என்று போனால் இன்று பௌர்ணமி. ஜன சமுத்திரம். கிளையை வளைத்து இலை பறித்துக்கொண்டிருந்தபோது பெங்களூர்க்கார அம்மா ஒருத்தி, சர்க்கரைக்கு நல்லதா என்று கேட்டாள். எனக்கு இருந்த கடுப்பில், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நான் கிளம்புவதற்குள் நாலு பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று அதை முழங்கையில் விட்டேன். தைரியத்தில் இல்லை, கோபத்தில்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை நிதானமாக நடந்து போனது. கால்கள் மட்டும் லேசாகப் பிடித்தன. திருப்பி விட்டேன். திரும்பவும் நடந்தது.

ராத்திரி வரை காத்திருந்தேன். ஒரு சொறி இல்லை, ஒரு சிவப்பு இல்லை.

அப்படியானால் அன்று குழந்தைக்கு என்ன ஆச்சு? நான் எதுக்குக் கை கூப்பினேன்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பரசுராமன் வீட்டுக்காரம்மா ராணியம்மாள் துணி காயப் போட்டுக்கொண்டே கழுத்தைச் சொறிந்தாள். அப்புறம் முழங்கை. அப்புறம் மறுபடியும் கழுத்து. மரத்தை வெட்டி ரெண்டு வாரம் ஆகிறது, அம்மாவுக்கு இன்னும் அரிப்பு அடங்கவில்லை.

மாடிக்குப் போய் நின்று அவர்கள் தோட்டத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பின்பக்கம் முருங்கை மரம். அடிமரத்தில், ஆள் இடுப்பு உயரத்தில், பழங்கம்பளியைச் சுற்றி வைத்த மாதிரி பழுப்பாக ஒரு திட்டு. காற்றில் ஆடுகிறதா, என்ன என்று பார்த்தேன் — திட்டு நெளிந்தது.

அவர்கள் சாயங்காலம் கோயிலுக்குப் போனதும் மதில் ஏறிக் குதித்தேன். மதில் இடுப்பளவுதான். இடுக்கியால் ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உடம்பு முழுக்க முடி. நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை. சந்தோஷம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எங்கள் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே வேளாண்மை அலுவலகம். அங்கே இருக்கிற செழியனிடம் மத்தியானம் டப்பாவைக் காட்டினேன். மூடியைத் திறக்கக்கூட விடவில்லை அவர்.

"மேடம், இது முருங்கை கம்பளிப்புழு. பகல்ல மந்தையா அடிமரத்துல ஒட்டிக்கினு இருக்கும், ராத்திரில மேல ஏறி இலைய திங்கும். முடி பட்டா போதும், அவ்ளோதான். சின்னப் பசங்களுக்கு மூஞ்சி எல்லாம் வீங்கிடும்."

மூஞ்சி எல்லாம் வீங்கிடும். நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

மீதியையும் சொன்னார். கொஞ்ச நாளில் இவை மரத்தை விட்டு இறங்கி மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிக்கொள்ளும். மழை பெய்து மண் நனைந்ததும் அந்துப்பூச்சியாக வெளியே வந்து, அதே மரத்தில் மறுபடி முட்டை வைக்கும். இப்போதே பந்தம் கொளுத்தி அடிமரத்தில் காட்டினால் மொத்தமாக ஒழிந்துவிடும்.

பச்சைப் புழுவின் படத்தையும் காட்டினேன். பயிரைத் தின்னாத பூச்சி எனக்குத் தெரியாது மேடம் என்றார். காட்டுப் பட்டுப்பூச்சியாக இருக்கலாமாம்.

எதுவாக இருந்தால் என்ன? என் மரம் நிரபராதி. அந்த ஆள் வீட்டு முருங்கைதான் அவன் பேத்தியைக் கடித்தது. என்னைத் தெருவில் கை கூப்ப வைத்தான் இல்லே? அதே டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட, அதே பத்து பேர் பார்க்க, அவன் ரெண்டு கையும் கூப்பணும். அது நடக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இப்போதே போய்ச் சொன்னால் என்ன ஆகும்? யோசித்துப் பார்த்தேன். "அப்படியா, சரிம்மா" என்பார். பந்தம் கொளுத்துவார். முடிந்தது. புழு போய்விடும், சாட்சியும் போய்விடும். கை கூப்பினது நான்தான் என்று மட்டும் தெருவுக்கு ஞாபகம் இருக்கும்.

சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பச்சைப் புழு தின்பதை நிறுத்திவிட்டது. இலைகளை இழுத்து ஒட்டித் தன்னைச் சுற்றி மூடிக்கொண்டது. உள்ளே தலை ஆடுவது தெரிகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஃபோனில் அந்துப்பூச்சி பார்க்கிறவர்கள் குழு ஒன்று இருக்கிறது. படங்களைப் போட்டிருந்தேன். விமல்ராஜ் என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். காட்டுப் பட்டுப்பூச்சி இல்லையாம். அதன் கூடு முட்டை மாதிரி கெட்டியாக, காம்பு வைத்துத் தொங்கும். இது காகிதம் மாதிரி, இலைக்குள் சுருட்டிக்கொண்டு இருக்கிறது. அதனால் இது நிலா அந்துப்பூச்சி. காட்டு ஜீவன், உங்கள் மலைச்சரிவிலிருந்து வந்திருக்கும், ஒதியன் இருந்தால் ஊருக்குள்ளும் முட்டை வைக்கும், யாரையும் ஒன்றும் செய்யாது என்று எழுதியிருக்கிறார். கூட்டைக் குலுக்கிப் பார்க்கவே கூடாதாம்.

நான் ஏற்கெனவே ரெண்டு தரம் குலுக்கிவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

முருங்கையில் திட்டு இல்லை. இறங்கிவிட்டன. அந்த ஆள் அதே மண்ணைக் கொத்தி, என் மரத்துக் கிளைகளையே கால்களாக நட்டு, அவரைக்குப் பந்தல் போட்டிருக்கிறார். என் சமையலறை ஜன்னலுக்கு நேரே. பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்க்கணும்னே போட்ட மாதிரி.

செப்டம்பர் 20, சனி

நல்ல மழை. ராணியம்மாள் மதில் பக்கம் வந்து, தீபாவளிக்கு மகளும் பேத்தியும் வருகிறார்கள் என்றாள். பாவம், அவள் நல்லவள்தான்.

மழை, மண், பூச்சி, முட்டை, புழு. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீபாவளிக்குச் சரியாக இருக்கும். மரம் இல்லை, புழு இருக்கும், குழந்தைக்குத் தடிக்கும். அப்போது என்ன சொல்வார்? யாரை நிறுத்துவார் டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட?

ராஜேந்திரனிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "கொழந்தடி அது" என்றார்.

அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வெட்டும்போது அவன் யோசிச்சானா? வரட்டும்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்து பார்த்தால், கூடு ஈரமாகி ஒரு ஓரம் கிழிந்திருக்கிறது. வெள்ளை உடம்பு, கசங்கின துணி மாதிரி சிறகு. வலையைப் பிடித்து ஏறித் தொங்கியது. நான் பொரியும் கடலையும் தின்று முடிப்பதற்குள் சிறகு விரிந்து இறங்கிவிட்டது. என் உள்ளங்கையை விடப் பெரிசு. இளம்பச்சை, ஒவ்வொரு சிறகிலும் ஒரு கண், பின்னால் ரெண்டு நீள வால்.

விமல்ராஜுக்குப் படம் அனுப்பினேன். பெண் என்றார், உணர்கொம்பு ஒல்லியாக இருக்கிறதாம். இதற்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருக்கும்போது தின்றதை வைத்துத்தான் ஒரு வாரம் உயிரோடு இருக்கும். அதற்குள் ஆண் வரவேண்டும், முட்டை வைக்கவேண்டும். வலையோடு மாடியில் வையுங்கள், வாசனைக்கு ஆண் வரும் என்றார்.

மரமே இல்லாத தெருவுக்கு எது வரும்?

அக்டோபர் 2, வியாழன்

வந்திருக்கிறது! காலையில் பார்த்தால் வலைக்கு வெளியே ஒன்று தொங்குகிறது. உணர்கொம்பு சீப்பு மாதிரி. வலையைத் தூக்கினேன், ரெண்டும் சேர்ந்துவிட்டன. பகல் முழுக்க அப்படியே இருந்தன.

ராஜேந்திரன் லாட்ஜுக்குப் போகிற அவசரத்தில் வந்து பார்த்து, ரொம்ப நேரம் நின்றார். மலையைத் திரும்பிப் பார்த்தார்.

அக்டோபர் 4, சனி

கொசுவலை முழுக்க முட்டை. பழுப்பு, கடுகை விடப் பெரிசு. ஆண் நேற்றே போய்விட்டது. இதற்கெல்லாம் இலைக்கு எங்கே போவேன் என்று நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். ஜன்னலுக்கு நேரே அவரைப் பந்தல்.

பந்தக்காலில் தளிர்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலு காலும் தளிர்த்திருக்கிறது! ஒதியன் கழியைப் பச்சையாக ஈர மண்ணில் நட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா இந்த ஆளுக்கு? ஒன்றை வெட்டி நாலாக நட்டுத் தண்ணியும் ஊத்தியிருக்கான். நான் தனியாக நின்று சிரித்தேன்.

அவர் சங்கக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, முட்டை ஒட்டின வலையைத் துண்டு துண்டாக வெட்டி, மதிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு தளிரிலும் சேஃப்டி பின் போட்டுக் குத்திவிட்டேன். இந்தாய்யா. நீ வெட்டின மரம், நீ வெறுத்த புழு. உன் வீட்டிலேயே வளரட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

பெண் பூச்சி செத்துவிட்டது. சாமி மாடத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

அக்டோபர் 19, ஞாயிறு

கீர்த்தனா வந்துவிட்டது. "அருணாத்தே!" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டியது. முன்பல் ரெண்டு இல்லை.

முருங்கையில் திட்டு இருக்கிறது. போன தடவையை விடப் பெரிசு.

அக்டோபர் 22, புதன்

இடது கை இன்னும் வீக்கம். வலது கை தப்பியதால் எழுதுகிறேன். எழுதியாக வேண்டும்.

தீபாவளி சாயங்காலம் நான் மதில் ஓரம் நின்றிருந்தேன். சும்மா நிற்கவில்லை. ஃபோனில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். குழந்தை பின்பக்கம் தனியாகக் கம்பி மத்தாப்பு சுற்றிக்கொண்டிருந்தது. மத்தாப்பு வெளிச்சத்தில் முருங்கை அடிமரம் தெரிந்திருக்கிறது. கிட்டே போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அத்தே, இங்க பாரேன். மரத்துக்கு முடி மொளச்சிருக்கு."

தடவிக் கொடுக்கக் கையை நீட்டியது.

நான் எப்படி மதிலைத் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. புடவை கிழிந்திருக்கிறது. குழந்தையைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளின வேகத்தில் என் தோளும் கையும் நேராக மரத்தில் போய் விழுந்தன. புழுக்கள் நசுங்கினது தோலில் தெரிந்தது. குழந்தை பயந்து அலறியது. பரசுராமன், ராணியம்மாள், தெரு எல்லாம் ஓடி வந்தது. நான் குழந்தையை அடித்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தார்கள்.

கை தீயாக எரிந்தது. அந்த எரிச்சலில் மூன்று மாதமாக வைத்திருந்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது. "பாருங்க சார், நல்லாப் பாருங்க. என் மரம் இல்ல இப்ப. உங்க முருங்கதான். அன்னிக்கும் இதான். எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும்."

அவர் அடிமரத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரிஞ்சுமா இத்தினி நாளு சொல்லாம இருந்த?"

பத்து பேர் நின்றிருந்தார்கள். அன்று நின்ற அதே பத்து பேர். ஃபோன் மதில் மேலேயே கேமரா திறந்தபடி கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி.

அக்டோபர் 26, ஞாயிறு

பந்தம் கட்டி முருங்கை அடிமரத்துக்குத் தீ காட்டினார்கள். நாற்றம் இங்கே வரை வந்தது. மரத்தை வெட்டவில்லை. என் மரத்துக்கு அரிவாள், அவர் மரத்துக்குப் பந்தமாம்! வயிறு எரிகிறது. கேட்கத்தான் எனக்கு இப்போது வாய் இல்லை.

ராணியம்மாள் மதில் மேல் ஒரு பாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆகஸ்டில் நான் வாங்கிக் கொடுத்த அதே கலமைன் லோஷன், பாதி இருக்கிறது. அன்பா, குத்தலா, தெரியவில்லை. போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 5, புதன்

ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தெருவிலும் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அவர் என்னைக் கை கூப்ப வைத்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் சொல்லாமல் இருந்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

பந்தக்காலில் புழு வந்திருக்கிறது. விரல் நுனி அளவு, பச்சை.

நவம்பர் 16, ஞாயிறு

அந்த ஆள் தினமும் காலையில் பந்தத்தோடு தோட்டத்தைச் சுற்றுகிறார். எந்தப் பூச்சியைக் கண்டாலும் தீ. என் புழுக்கள் அவரைக் கொடிக்குள் இருப்பதால் இன்னும் கண்ணில் படவில்லை. சுண்டுவிரல் தடிமன் வந்துவிட்டது, எத்தனை நாள் மறையும்?

அவரைப் பழிவாங்க நானேதான் அங்கே குத்தி வைத்தேன். இப்போது விடிந்ததும் ஜன்னலுக்கு ஓடி, இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். அவரிடம் போய்க் கேட்பதா? செத்தாலும் கேட்க மாட்டேன். கேட்டாலும் என் பேச்சை எதுக்கு நம்பப் போகிறார்?

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கெரசின் வாடை அடித்தது. பார்த்தால் பரசுராமன் அவரைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நிற்கிறார். ஒரு கையில் பந்தம், ஒரு கையில் தீப்பெட்டி.

பற்ற வைக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அருணா. இங்க பச்சையா நாலஞ்சு கெடக்குது. கொளுத்தலாமா, வேணாமா?"

வாளியில் இன்னும் மூன்று உருப்படி இருந்தது. ஒவ்வொன்றாக உதறிக் க்ளிப் போட்டேன். ராஜேந்திரன் சட்டையை ரெண்டு தரம் உதறினேன். அந்த ஆள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

"வேணாம் சார். அது ஒண்ணும் பண்ணாது."

தலையை ஆட்டினார். உள்ளே போவார் என்று நினைத்தேன், போகவில்லை.

"அன்னிக்கு எங்க வாசல்ல கெடந்தது இதானா?"

"இதேதான்."

அவர் கொடிக்குள் இன்னொரு தரம் பார்த்தார். தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.